கதவுக் கட்டுரை

பிப்ரவரி 3

பொடிசு,

இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். காகிதத்தை உன்னால் அப்படி விட முடியாது. மருந்துச் சீட்டாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் அப்பா எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார்.

மகளைப் பார்க்க வந்தவர் மாதிரி இல்லை. எல்லாரையும் போல டோக்கன் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் எழுந்து வந்தார். நான் யாருடைய ஃபிரேமுக்கோ திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிர் நாற்காலியில் அவர். நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது 'வேலை விஷயமா வெளியூர் போயிட்டு வரேன்' என்று போன அதே முகம், கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மூக்கு மட்டும் அப்படியே. அந்த மூக்கு உனக்கும் இருக்கிறது, மறந்துவிடாதே.

கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் நம் கண்ணையே பார்க்க வேண்டும். 'நேரா என்னைப் பாருங்க' என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்னேன். பார்த்தார். ஸ்கேலை வைத்தேன். முதலில் ஓர் அளவு வந்தது, மறுபடி வைத்தால் வேறு அளவு. 'அவசரமில்லம்மா, மெதுவா எடு' என்றார்.

அவர் தங்கியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மார்ச் முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கூட யாரும் இல்லை. 'உங்கிட்ட இடம் இருக்குமா? இல்லன்னாலும் பரவாயில்ல, கண்ணாடிய மட்டும் குடு' என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

என் வீட்டில் இரண்டாவது அறை இருக்கிறது. அதில் இப்போது கடையின் பழைய ஃபிரேம் பெட்டிகள்தான் குடியிருக்கின்றன.

நேற்று அம்மா பத்திரமாக வைத்திருந்த கட்டுரைப் புத்தகத்தை எடுத்து 'கதவு' கட்டுரையை மறுபடி படித்தேன். 'போனதைச் சரி என்று சொல்வதற்குப் பெயர் மன்னிப்பல்ல. வாசலில் நிற்பவரை உள்ளே விடப் பெரிய மனது வேண்டாம், ஒரு கை போதும்.' ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுதியதுதான். பேப்பரில் அந்தக் கட்டுரைகளை எழுதியவரை நாம் அப்படித்தானே சொல்வோம். ஞாயிறு பேப்பர் வந்ததும் அம்மா துணி மடித்துக்கொண்டே நம்மை வாசிக்கச் சொல்லிக் கேட்பாளே.

இப்போது நீ அவர் வீட்டுக்கே வேலைக்குப் போகிறாய். எனக்காக ஒன்று செய். பார்த்து எழுது. அவர் எழுதியபடிதான் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் பெட்டிகளை நகர்த்துகிறேன். இல்லை என்றால், ஊருக்குச் சொல்வது எல்லாருக்கும் சுலபம் என்று நினைத்துக்கொண்டு அப்பாவுக்கு நல்ல கண்ணாடியாக ஒன்று செய்து கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

கடைசி வரி வரை படித்தேன். நீ சொன்னது சரி, கிழிக்க வரவில்லை.

அறையைக் கொடுக்காதே. காரணம் உனக்குத் தெரியும் என்றாலும் எழுதுகிறேன். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது அவருக்கு நீ சொல்லி அனுப்பினாய். நீ வேலைக்குப் போன பிறகு நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மா வாசல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். காற்றில் கதவு அசைந்தால் கண் திறக்கும். அவர் வரவில்லை. இதை நீ பார்க்கவில்லை. பார்க்காதவர்களுக்கு மன்னிப்பது சுலபம்.

இனி நீ கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு விரல் மூட்டுகளெல்லாம் வீங்கிவிட்டன. பேனா பிடிக்க முடியவில்லை, கண்ணும் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. கட்டுரைப் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வருகிறது. அதனால் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் என்னை அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாடியில் ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தெருவைப் பார்க்கும் ஜன்னல். நான் ஒவ்வொரு கட்டுரையாக வாசிக்க வேண்டும். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டே 'இருக்கட்டும்' என்பார். அல்லது 'எடு' என்பார். 'எடு' என்றால் அந்தக் கட்டுரை புதுப் பதிப்பில் கிடையாது. காரணம் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை, என் சுபாவம் உனக்குத் தெரியும்.

முதல் வாரம் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே வாசித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய வரிகளை எழுதியவருக்கே வாசித்துக் காட்டுவது என்றால் நினைத்துப் பார். ஒரு தடவை ஒரு சொல்லைத் தப்பாக வாசித்துவிட்டேன். 'நீ வாசிச்சதே நல்லாருக்கு, அப்படியே மாத்திடு' என்றார்.

ஆனால் செவ்வாய்க்கிழமை 'பொறுமை' கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தபோது மின்விசிறியைச் சரிசெய்ய எலெக்ட்ரீஷியன் வந்தார். அவரைப் பார்த்ததும் மேடம் பிடித்துக்கொண்டார்.

'நேத்து வரேன்னு சொல்லிட்டு இன்னிக்கு வரீங்க. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா நானே ஏணி போட்டு ஏறியிருப்பேன்.'

'ஏறியிருக்கலாம் மேடம். ஆனா கோளாறு மேல இல்ல, இந்த சுவிட்சுலதான்.'

'அப்ப அதையாவது நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?'

அவர் போகும்வரை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம். பிறகு என் பக்கம் திரும்பி, 'எங்க விட்ட? பொறுமைதானே. இருக்கட்டும்' என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

உன் தங்கை


பிப்ரவரி 14

பொடிசு,

எலெக்ட்ரீஷியன் கதையைக் கடையில் சொன்னேன். எல்லாரும் எலெக்ட்ரீஷியன் கட்சி.

கத்துவது ஒரு குற்றமா? அம்மா கத்தாததா? பெரிய விஷயங்களில் எப்படி என்று பார். என் கையில் இருப்பது அம்மாவின் பிரதி, முதல் பதிப்பு. 'பொறாமை' என்று ஒன்று இருக்கிறது, கூடவே எழுத வந்த தோழியின் பெயர் தன்னைவிடப் பெரிதானபோது நெஞ்சில் முள் மாதிரி இருந்தது என்று. அவ்வளவு நேர்மையாக யார் எழுதுவார்கள்? அந்தத் தோழியோடு இப்போது எப்படி என்று பார். 'கதவு' முடிந்ததும் அடுத்து வருகிற 'சாப்பாட்டு மேசை'யையும் பார். மனசு ஒட்டாதவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதைப் பற்றி. அப்பா வந்தால் எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

கண்ணாடி தயாராகிவிட்டது. வாங்க வந்தார். போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்தார். கடைசி வரியை மெதுவாக வாசித்துவிட்டு 'நல்லா இருக்கு' என்றார். அறையைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடித் தேடிப் பிடித்தார். புதுக் கண்ணாடி பழக நாளாகும், எல்லாருக்கும் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சீக்கிரம் எழுது. மார்ச் ஒன்றும் தூரத்தில் இல்லை.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

நீ சொன்ன இரண்டு கட்டுரைகளும் என் கையில் இருக்கும் பதிப்பில் இல்லை. எங்கள் மேலாளரிடம் கேட்டேன். 'மத்தவங்க புதுப் பதிப்புன்னா ரெண்டு கட்டுரை சேர்ப்பாங்க. இவங்க ரெண்டு கட்டுரைய உருவிடுவாங்க. ஒவ்வொரு பதிப்புக்கும் புத்தகம் இளைச்சுக்கிட்டே போகுது, விலைய மட்டும் நாங்க ஏத்திட்டுப் போறோம்' என்றார். எதற்காக எடுக்கிறார் என்று அவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்தத் தோழியின் புத்தகங்கள் இவர் அறையில் ஓர் அலமாரி முழுக்க இருக்கின்றன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. குற்றம் கண்டுபிடிக்காமல் இவ்வளவு குறிப்பு யாரும் எழுத மாட்டார்கள். அந்தப் பொறாமை போகவில்லை, கட்டுரை மட்டும் போய்விட்டது. எதைத் தன்னால் செய்ய முடியவில்லையோ அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்.

இதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை நடந்ததைக் கேள்.

வாசிப்பு நடுவில் அழைப்பு மணி அடித்தது. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரைக்குப் பின்னால், வெளியே தெரியாதபடி நின்றார். கீழே கையில் ஒரு பையோடு வயதானவர் ஒருவர். சமையல் பார்க்கும் அம்மா கதவைப் பாதி திறந்து, பையை வாங்கிக்கொண்டு, ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். தெருமுனை திரும்பும்வரை இவர் ஜன்னலைவிட்டு அசையவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து, 'ம், வாசி' என்றார்.

போகும்போது சமையலறையில் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

'அவங்க தம்பிம்மா. மாசாமாசம் பழம் கொண்டு வருவார். மேடம் எழுதிட்டிருக்காங்கன்னு சொல்லி அனுப்பணும், அதான் உத்தரவு.'

'எழுதவே முடியாதே அவங்களால.'

'அது அவருக்கும் தெரியும்.'

இவர் வெளியூரில் தொடர்ந்து கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்த சமயம் இவருடைய அம்மா படுத்துவிட்டார்களாம். அக்காவின் பேச்சு கெட்டுப்போகக் கூடாது என்று தம்பி சொல்லாமல் இருந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் வந்திருக்கிறது. அன்றிலிருந்து பேச்சில்லை.

'கதவு' எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தேன். அதற்கும் பிறகு. தம்பிக்குக் கதவைச் சாத்திவிட்டு, மாடியில் உட்கார்ந்து, ஒரு கை போதும் என்று ஊருக்கு எழுதியிருக்கிறார். நம் அம்மா அதைக் கேட்டு ஒரு நிமிடம் துணி மடிப்பதை நிறுத்தினாள், ஞாபகம் இருக்கிறதா? பார்த்தாயா, அக்கா. எழுதியவரே திறக்கவில்லை. நீ ஏன் திறக்க வேண்டும்?

உன் தங்கை


மார்ச் 4

பொடிசு,

எங்கள் கடையில் கண் பரிசோதிக்கும் டாக்டரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் தன் நாற்காலியையே தடவித்தான் கண்டுபிடிப்பார். போன மாதம் ஒருவர் அவரிடம் கேட்டார், 'உங்க கண்ணே இந்த லட்சணத்துல இருக்கு. என் கண்ண எப்படி சார் பார்ப்பீங்க?' அதற்கு டாக்டர், 'நல்லாத் தெரிஞ்சிருந்தா நான் இந்தப் படிப்புக்கே வந்திருக்க மாட்டேன். மூணாவது வரிய வாசிங்க' என்றார். அந்த ஆள் வாசித்தார். கண்ணாடி சரியாக அமைந்தது. இப்போது குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வருகிறார்.

நான் உன்னிடம் கேட்ட கேள்வியே கோணல் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

சரி, அது இருக்கட்டும். நீ ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறாய் என்று நினைத்து உன் கடிதங்களைப் படித்தேன். மறுபடி படித்தபோது அதில் வேறு ஆள் தெரிகிறார். முதல் கடிதத்தில் எவ்வளவு இடம் இருந்தும் அப்பா என்ற சொல்லை நீ ஒரு தடவைகூட எழுதவில்லை. எல்லாம் 'அவர்', 'அவர்'தான். 'பார்த்தாயா, அக்கா' என்று எழுதின இடத்தில் பேனா அழுந்தி, காகிதத்தின் மறுபக்கம் தடவினால் தெரிகிறது. ஒரு வயதான பெண்மணி ஜன்னலில் நின்றதற்கா அவ்வளவு அழுத்தம்?

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை என்றாய். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தது வாசலை. சாத்தி வை என்று அவள் சொல்லவில்லையே. அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்று நீயே யோசி.

அக்கா


மார்ச் 9

அக்கா,

அம்மாவுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

உன் வீடு, உன் அறை, உன் பெட்டிகள். என்ன வேண்டுமோ செய். அவரைப் பற்றி மட்டும் இனி எனக்கு எழுதாதே.


மார்ச் 21

பொடிசு,

அவரைப் பற்றி எழுதாதே என்றாய். இது பெட்டிகளைப் பற்றி. எல்லாவற்றையும் என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கொஞ்சம் உயரமாகப் போய்விட்டது, கட்டில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சரிந்து தூங்கப் பழகிக்கொள்கிறேன். அறை ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார்.

ஒரு சந்தேகம், உன்னிடம் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது. எழுதியவர் திறக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த வரி எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நிஜமாகத்தான் தெரிகிறது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் திருகு முடுக்குகிறவள், நீ படிக்கிறவள். கோபம் தணிந்தால் எழுது. தணியாவிட்டாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

கோபம் தணியவில்லை. ஆனால் உன் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் தெரிந்தும் சும்மா இருப்பது திருட்டு மாதிரி இருக்கிறது.

நேற்று சமையல் பார்க்கும் அம்மா வரவில்லை. மணி அடித்தபோது நான்தான் இறங்கிப் போனேன். கதவைப் பாதி திறந்தேன். அந்தத் தம்பி, பையோடு. மாடியிலிருந்து பார்த்ததைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. என் கண்ணாடியையும் காதில் செருகியிருந்த பென்சிலையும் பார்த்தார்.

'புத்தக வேலைக்கு வந்த பொண்ணா நீ?'

'ஆமா சார்.'

'எழுதிட்டிருக்காளா?'

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, உண்மை சொல்லவும் உத்தரவில்லை. தலையை ஆட்டினேன்.

'நல்லது. எழுதட்டும்.' பையைக் கொடுத்தார். போகாமல் கொஞ்சம் நின்றார். 'புதுப் பதிப்புல அந்தக் கதவுக் கட்டுரை இருக்கா?'

'அந்த இடத்துக்கு இன்னும் வரல சார். போன பதிப்புல இருக்கு.'

'அது எனக்குத் தெரியும். எல்லாப் பதிப்பும் வாங்கிடுவேன். வாங்கினதும் முதல்ல பொருளடக்கத்துல அத மட்டும் பார்ப்பேன்.' என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். 'உனக்குப் புரியல. சின்ன வயசுல நாங்க ஒரே ஸ்லேட்டுல கணக்குப் போடுவோம். விடை சரியா வந்துட்டா இவ உடனே எச்சில் தொட்டு அழிச்சிடுவா. வராத கணக்கு மட்டும்தான் ஸ்லேட்டுல நிக்கும். வாத்தியார் வந்து பார்த்தா எல்லாம் தப்பா இருக்கும். அடி விழும். அப்பவும் சரியானத காட்ட மாட்டா. முடிஞ்சத எதுக்கு வச்சுக்கணும்னு கேப்பா. புத்தகமும் அப்படித்தான். அவளுக்கு எது முடிஞ்சுதோ அத எடுத்துடுவா.'

'அப்ப இருக்கிறதெல்லாம்?'

'போட்டுட்டிருக்கா.'

பையின் வாய் என் கையில் நழுவியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

'கதவு இருக்குன்னா, என்னை இன்னும் விட்டுடலன்னு அர்த்தம்' என்றார். 'அடுத்த மாசம் வரேன்னு சொல்லு. சொல்லலன்னாலும் பரவாயில்ல.'

மாடிக்குப் போனபோது மேடம் ஜன்னலிலிருந்து அப்போதுதான் திரும்பினார். பையை மேசையில் வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். மதியம் அவர் கொஞ்சம் படுத்தபோது அந்த அலமாரிக்குப் போய்த் தோழியின் புத்தகத்தை எடுத்தேன். இந்தத் தடவை ஓரக் குறிப்புகளைப் படித்தேன். போன தடவை பென்சில் கோடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டேன், மெய்ப்புப் பார்க்கிறவள் செய்யக் கூடாத தப்பு. குறிப்புகள் என்ன தெரியுமா? 'இதை எப்படிச் செய்தாள்?' 'இந்த இடத்தில் நான் தோற்றிருப்பேன்.' ஒரு பக்கத்தின் ஓரத்தில் வெறும் 'அடிப்பாவி' என்று மட்டும், பெரிய எழுத்தில். பொறாமைக் கட்டுரை ஏன் போனது என்று புரிந்தது. 'பொறுமை' ஏன் இருக்கிறது என்றும் புரிந்தது. எலெக்ட்ரீஷியனைக் கேட்டால் அவரும் சொல்வார்.

நான் எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறேன். தோற்றதை மறைக்கிறார் என்று உனக்கு எழுதினேன். இத்தனை வருடமாக, பதிப்புக்குப் பதிப்பு, அவர் வெளியே காட்டிக்கொண்டிருப்பது தோற்றதை மட்டும்தான். தான் எந்தெந்த விஷயத்தில் நல்லவராகிவிட்டார் என்பதை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு, வராத கணக்கை எல்லாம் அச்சடித்து ஊர் கையில் கொடுத்திருக்கிறார். இப்படி ஒருவரை நான் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

இன்று 'கதவு' வாசித்தேன். வாசிக்கும்போது எனக்கே பயம். 'எடு' என்று சொல்லிவிடுவாரோ என்று. கதவு திறக்காமலே எடு என்று சொன்னால் அது அந்தப் புத்தகத்தில் அவர் சொல்லும் முதல் பொய்யாக இருக்கும். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். கண்ணை மூடவில்லை இந்தத் தடவை. தன் வீங்கின விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'இருக்கட்டும்' என்றார். பிறகு, 'கடைசியில ஒரு வரி சேர். இதை எழுதியவள் இன்னும் திறக்கவில்லை.'

எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

'இன்னும்-ங்கிறத விட்டுடாத.'

'விடல மேடம்.'

வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காமலே ஒன்றைச் சொன்னேன். 'உங்க தம்பி இதப் படிப்பாரு மேடம்.'

'பின்ன, யாருக்காகப் புதுப் பதிப்பு போட்டுட்டிருக்கேன்னு நெனச்ச?' என்றார். 'ம், அடுத்தது வாசி.'

மேலாளருக்கு இந்த வரி பிடிக்கவில்லை. 'வாசகர் என்ன நினைப்பாங்க? ஊருக்குத்தான் உபதேசமான்னு கேக்க மாட்டாங்களா?' என்றார். எங்கள் அக்கா அப்படிக் கேட்கவில்லை, அவளுக்கு இன்னும் நிஜமாகத்தான் தெரிந்தது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். வரியை எடுக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். நான் மறுத்துப் பேசி அவர் கேட்டதே இல்லை. அதிர்ச்சியில் ஒத்துக்கொண்டுவிட்டார்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். எழுதியபடி அவர் வாழவில்லை. எழுதியபடி வாழ வேண்டும் என்று தினமும் உட்கார்ந்து பார்க்கிறார். உனக்கு அந்த வரி நிஜமாகத் தெரிந்தது அதனால்தான் இருக்க வேண்டும். திறந்து முடித்தவர் அதை எழுதியிருந்தால் நமக்குச் சொல்வது போல இருந்திருக்கும். இவர் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை நாம் ஒட்டுக்கேட்டிருக்கிறோம்.

பேனா அழுந்தியது பற்றி நீ எழுதினது சரிதான். மற்றதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

பொடிசு


ஏப்ரல் 15

பொடிசு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையில் படித்தேன். டாக்டர் என்ன என்று கேட்டார். ஸ்லேட்டுக் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

அப்பா வந்து நாளாகிறது. நீ கேட்காததால் சொல்கிறேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. குறட்டை விடுகிறார். குறட்டையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லி வை. குளியலறை விளக்கை அணைப்பதே இல்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது எழுந்து நிற்கிறார், யாரோ பெரிய அதிகாரி போவது மாதிரி. எனக்கு எரிச்சலாக வருகிறது. உட்காருங்க என்றால் உட்கார்கிறார், மறுநாள் மறுபடி நிற்கிறார்.

அவர் வந்த அன்று நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன். கதவைத் தட்டினார். கை நீட்டினேன். தாழ்ப்பாள் வரை போய்க் கை நின்றுவிட்டது. நீ எழுதினதெல்லாம், அம்மா வாசல் பக்கம் படுத்திருந்தது, எல்லாம் வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டது. வெளியே அவர் மறுபடி தட்டவில்லை. நான் நிற்பது தெரிந்துதான் நின்றிருக்கிறார். பிறகு எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. பெரிய மனசெல்லாம் இல்லை, சத்தியமாக. கைதான் திறந்தது.

ஒரு நாள் நானாகவே கேட்டேன், அம்மா படுத்திருந்தபோது ஏன் வரவில்லை என்று. 'வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்தேன்' என்றார். அது அவரைச் சரி என்று ஆக்காது. ஆனால் உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேட்டால் திட்டுவாய். நம் வீட்டில் புத்தகத்தின் மூலையை மடித்தாலே அம்மா பேச மாட்டாள். அந்த அம்மாவின் புத்தகத்திலிருந்து 'கதவு' கட்டுரையைக் கிழித்துவிட்டேன். முழுக் கட்டுரையும். இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் மேடத்தின் கணக்குப்படி, எனக்கு அது முடிந்துவிட்டது. இனி என் பிரதியில் அதற்கு வேலை இல்லை. உனக்குத்தான்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

பக்கங்கள் வந்து சேர்ந்தன. ஓரம் கோணல்மாணலாகக் கிழிந்திருக்கிறது. ஒரு ஸ்கேலை வைத்துக் கிழித்திருக்கலாம். கடை முழுக்க ஸ்கேல் வைத்திருக்கிறாய்.

மேடத்திடம் காட்டினேன். முதல் பதிப்பின் தாள் பழுத்துப்போயிருந்தது. தடவிப் பார்த்தார். 'யார் கிழிச்சது?' என்றார். 'எங்க அக்கா. அவளுக்கு முடிஞ்சுதாம்' என்றேன். தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, 'எனக்கு முன்னாடி முடிச்சுட்டாளா?' என்றார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொறாமை இல்லை, அது எப்போதோ போய்விட்டது. நல்ல மார்க் வாங்கின பக்கத்து பெஞ்சுப் பெண்ணைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் தம்பி பழத்தோடு வரும் சனிக்கிழமை சமையல் பார்க்கும் அம்மாவை லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். என்னையும் வர வேண்டாம் என்றார். மணி அடித்தால் யார் திறப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. என் சுபாவம் உனக்குத் தெரியும்.

ஆக அன்று எனக்கு வேலை இல்லை.

ஒரு விஷயம் நீ கவனிக்கவில்லை. 'கதவு' முடிகிற தாளின் பின்பக்கத்திலேயே 'சாப்பாட்டு மேசை' ஆரம்பித்துவிடுகிறது. அதன் முதல் பக்கமும் கிழிந்து என்னிடம் வந்துவிட்டது. இங்கே எந்தப் பதிப்பிலும் அந்தக் கட்டுரை இல்லை, அவர் அதை எப்போதோ முடித்துவிட்டார். என்னிடம் இருக்கும் கடைசி வரி இப்படி நிற்கிறது: 'பேச எதுவுமே இல்லாத ஒருவரோடு சாப்பிட உட்காரும்போது முதலில் செய்ய வேண்டியது'. அதற்கு மேல் பக்கம் முடிந்துவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்பது உன்னிடம் இருக்கும் தாளில் இருக்கிறது. பார்த்து எழுதி அனுப்பிவிடாதே. வரியைப் பாதியில் விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது என்று உனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமை மதியம் வந்து நானே படித்துக்கொள்கிறேன்.

நான் தட்டும்போது நீ ஓடி வந்து திறக்க வேண்டாம். அப்பா திறக்கட்டும்.

பொடிசு